முப்பத்தொன்பது டாலர் அறுபது சென்ட்

காட்பாடியில் இன்ஜினீயரிங் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' என்று 1934-ல் வந்த படத்தை ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து பார்த்தார்களாம். சிரிப்பு வந்தது, அதை மறுக்கவில்லை; ஆனால் பணக்கார வீட்டுப் பெண், வாயாடி ஹீரோ, வழியெல்லாம் சண்டை, கடைசியில் காதல், இதை நம்ம படங்களிலேயே நூறு வாட்டி பார்த்தாயிற்றே, இந்த ஒன்றை மட்டும் தொண்ணூறு வருஷமாகத் தலையில் வைத்துக் கொண்டாட அப்படி என்ன இருக்கிறது என்பது கேள்வி.

வழக்கமாகச் சொல்லும் பதில், அந்த நூறு படங்களுக்கும் மூலம் இதுதான் என்பது. பொய்யில்லை. ஆனால் முதலில் வந்தது என்பதற்காக ஒரு படத்துக்கு மரியாதை செய்யலாம், மாலை போடலாம், விழுந்து விழுந்து சிரிக்க முடியாது. உங்கள் நாலு பேருக்கும் சிரிப்பு வந்ததற்குக் காரணம் வேறு. என்னைக் கேட்டால், இந்தப் படத்தில் காதல் வசனத்துக்குப் பதிலாகச் செலவுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கையில் காசு எவ்வளவு, அது யாரிடம் இருக்கிறது, எதற்குப் போகிறது, இதை மட்டும் பிடித்துக்கொண்டு படத்தை இன்னொரு தரம் பாருங்கள், காதல் தானாகக் கண்ணில் படும்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லி ஆண்ட்ரூஸ் பெரிய பணக்காரரின் மகள். கிங் வெஸ்ட்லி என்ற விமான ஓட்டியை அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்பா அவளைப் பிடித்து மியாமியில் தன் சொகுசுப் படகில் அடைத்து வைக்கிறார். அவள் தண்ணீரில் குதித்துத் தப்பி, நியூயார்க்கில் இருக்கும் புருஷனிடம் போக நைட் பஸ் ஏறுகிறாள். அதே பஸ்ஸில் பீட்டர் வார்ன், எடிட்டரோடு சண்டை போட்டு வேலையை இழந்த பத்திரிகை நிருபர். அவள் யாரென்று தெரிந்ததும், உன்னை நியூயார்க் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், உன் கதையை எனக்குக் கொடு என்கிறான். அவளைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அப்பா அறிவிக்கிறார். கிளாடெட் கோல்பேர் எல்லி, கிளார்க் கேபிள் பீட்டர், இயக்கம் ஃபிராங்க் காப்ரா, திரைக்கதை ராபர்ட் ரிஸ்கின். 105 நிமிஷம்தான்.

படம் தொடங்குவதே சாப்பாட்டுத் தட்டில். படகில் எல்லி உண்ணாவிரதம் இருக்கிறாள். பசியே தெரியாத வீட்டில் பிறந்த பெண் வேண்டுமென்றே பட்டினி கிடக்கிறாள், அப்பா கொண்டுவந்த தட்டைத் தட்டி விடுகிறாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்னும் ஒரு மணி நேரத்தில் இதே பெண் ஒரு பச்சை கேரட்டைக் கடித்துத் தின்னப் போகிறாள். எந்த வசனகர்த்தாவும் 'நான் மாறிவிட்டேன்' என்று இதைவிட நன்றாக எழுதிவிட முடியாது.

பஸ்ஸில் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே அவள் பெட்டி திருட்டுப் போய்விடுகிறது. கையில் மிச்சம் நாலு டாலர். அடுத்த நாள் பஸ்ஸில் தின்பண்டம் விற்கிற பையனிடம் ஒரு டப்பா சாக்லெட் கேட்கிறாள். பீட்டர் குறுக்கே விழுந்து, வேண்டாம் போ என்று பையனை அனுப்பிவிட்டு, அவள் பணத்தை வாங்கி எண்ணிப் பார்க்கிறான். ஒரு டாலர் அறுபது சென்ட் இருக்கிறது. நேற்று ராத்திரி நாலு டாலர் இருந்ததே, இப்படிச் செலவு செய்தால் நியூயார்க் எப்படிப் போய்ச் சேருவாய், இனிமேல் உனக்கு பட்ஜெட்தான் என்று சொல்லிக் காசைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். காதல் படத்தில் ஹீரோ ஹீரோயினிடம் செய்கிற முதல் உருப்படியான காரியம் இது! பூவும் கிடையாது, பாட்டும் கிடையாது, சாக்லெட்டைக்கூட வாங்கித் தரவில்லை.

இதை என் பெரிய மாமாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், பாதி சர்வீஸ் வேலூர் - திருப்பதி ரூட். ஆங்கிலம் அவ்வளவாக வராது, நான் பக்கத்தில் இருந்து அரைகுறையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சத்துவாச்சாரியில் மே மாத வெயில், ஃபேன் சத்தத்தில் பாதி வசனம் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை, பஸ் வந்த நிமிஷத்திலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு ஊரில் பஸ் நிற்கிறது, டிபனுக்கு அரை மணி நேரம். எல்லி இறங்கி, நான் ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறேன், கொஞ்சம் லேட்டானால் பஸ்ஸை நிறுத்தி வை என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். திரும்பி வந்தால் பஸ் போய்விட்டது. அவள் முகத்தில் வருகிற திகைப்பு இருக்கிறதே, கோபம்கூட இல்லை, உலகத்தில் இப்படியும் நடக்குமா என்கிற மாதிரி ஒரு பார்வை. மாமா தொடையில் அடித்துக்கொண்டு, "இன்னா பொண்ணுடா இது, பஸ்ஸ நிறுத்தி வெக்கச் சொல்லிட்டுப் போவுது!" என்று ஒரு சிரிப்பு சிரித்தார், அப்புறம் வந்த வசனம் எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. இன்னோர் இடத்தில் ராத்திரி பஸ்ஸில் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள், ஆளுக்கு ஒரு சரணம், கடைசியில் டிரைவரும் உற்சாகமாகிக் கையை விட்டுப் பாட, பஸ் பள்ளத்தில் இறங்கிவிடும். அதற்கு மாமா சிரிக்கவே இல்லை. "மெமோ குடுப்பாங்க" என்றார்.

இந்தப் படம் இத்தனை வருஷம் தாங்கியதற்குப் பாதிக் காரணம் அந்த பஸ்தான் என்று நினைக்கிறேன். நைட் பஸ் என்றால் உலகம் பூராவும் ஒன்றுதான். தோளில் சாய்ந்து தூங்கும் முன்பின் தெரியாத ஆள், நடுராத்திரி நிறுத்தத்தில் அரைத் தூக்கத்தோடு இறங்கி நிற்பது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழிகிற ஒரு ஆசாமி. படத்தில் அவன் பெயர் ஷேப்லி. பீட்டர் அவனை விரட்டுவதற்காக, நான் இவள் புருஷன் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைக்கிறான், அந்தப் பொய்தான் மீதிக் கதையை இழுத்துக்கொண்டு போகிறது. அதோடு, அப்போது அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு வந்த பெரும் பொருளாதார வீழ்ச்சி. 1933-ல் வேலைக்குப் போகக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலையில்லை. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அந்த பஸ்ஸில் வருகிற ஜனங்கள்தான். படம் அதை முழக்கம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டு முடிந்து பஸ் பள்ளத்தில் இறங்கிய அதே நிமிஷத்தில், ஒரு பொம்பளை மயங்கி விழுகிறாள். பசி மயக்கம். அவள் பையன் அழுதுகொண்டே சொல்கிறான், இருந்த காசையெல்லாம் டிக்கெட்டுக்கே கொடுத்துவிட்டோம், நியூயார்க்கில் அம்மாவுக்கு வேலை கிடைக்கும் என்று போகிறோம். எல்லி பீட்டரின் கையிலிருந்து நோட்டை எடுத்துப் பையனிடம் கொடுத்துவிடுகிறாள். சாக்லெட்டுக்குக் காசு கேட்ட பெண்தான் இது. அதுவும் தன் காசு இல்லை, அவன் காசு! பின்னால் இருவரும் நடுக்காட்டில் சல்லிக்காசு இல்லாமல் நிற்கும்போது, பையனுக்கு எல்லாக் காசையும் கொடுத்துவிட்டாயா என்று அவள் கேட்க, நான் எங்கே கொடுத்தேன், தர்மப்பிரபு நீதானே என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறான். சிரிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கணக்கு அந்த இடத்தில் மாறிவிட்டது. அதுவரை உன் காசு, என் காசு என்று இரண்டு இருந்தது, இப்போது ஒன்றுதான், அதிலும் மிச்சம் ஒன்றுமில்லை.

சரி, எல்லாரும் பேசுகிற அந்தப் போர்வைக்கு வருகிறேன். மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட, பஸ் நின்றுவிடுகிறது. கார்க்காரர்கள் தங்குகிற சின்னக் குடில் ஒன்றில் ராத்திரி தங்க வேண்டும். இரண்டு குடில் எடுக்கக் காசு இல்லை, அதனால் புருஷன் பெண்டாட்டி என்று எழுதி ஒன்றே எடுக்கிறான். நடுவில் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, இதுதான் எரிகோ கோட்டைச் சுவர் என்கிறான். பைபிளில் எக்காளம் ஊத ஊத இடிந்து விழுந்த மதில். என்னிடம் எக்காளம் இல்லை, பயப்படாதே என்று அர்த்தம். வேலூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் விளக்கமே தேவையில்லை. ஒற்றை அறை வீட்டில் புதுசாகக் கல்யாணமான மகனுக்காகக் கயிற்றில் சேலையைக் கட்டித் தடுப்பு போட்ட குடும்பங்களை நம் தெருக்களில் எல்லாருக்கும் தெரியும். அங்கே சேலை இரண்டு பேரைத் தனியாக விடுவதற்கு, இங்கே போர்வை இரண்டு பேரைத் தனித்தனியாக வைப்பதற்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விளக்கை அணைத்ததும் ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது, அந்த வெளிச்சத்தில் எல்லியின் கண் மட்டும் மின்னுகிறது. ஜோசப் வாக்கர் ஒளிப்பதிவு. பேச்சு குறைந்து குறைந்து வருகிறது. அவள் உள்பாவாடையை எடுத்துப் போர்வை மேல் போடுகிறாள், அந்தப் பக்கம் படுத்திருப்பவன் அதைப் பார்த்துவிட்டு, தயவுசெய்து அதையெல்லாம் எடுத்துவிடு என்கிறான். மொத்தத்தில் அந்த அறையில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் தூங்கவில்லை என்று நமக்குத் தெரியும். இந்தப் படம் வந்து நாலு மாதம் கழித்து, 1934 ஜூலையிலிருந்து அமெரிக்கப் படங்களுக்குத் தணிக்கை விதிகள் இறுகிவிட்டன. அதற்கு அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் இந்தப் போர்வையைத்தான் திரும்பத் திரும்ப வேறு வேறு உருவத்தில் தேடினார்கள்.

மறுநாள் காலை எனக்கு அதைவிடப் பிடித்தது. அவள் எழுந்திருக்கும்போது அவன் அவள் உடையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறான், அடுப்பில் டிபன் செய்துகொண்டிருக்கிறான். ஒரு முட்டை, ஒரு டோனட், பால் இல்லாத காபி, மதியம் வரைக்கும் இதுதான் உனக்கு ரேஷன் என்று தட்டை வைக்கிறான். அவள் டோனட்டைக் காபியில் ஊறப்போட, அவன், உனக்கு இதுகூடத் தெரியவில்லையே, முக்கிய உடனே எடுக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறான். 1934-ல் ஒரு ஆம்பளை ஹீரோ, அதுவும் கிளார்க் கேபிள், பொம்பளைக்கு இஸ்திரி போட்டு முட்டை பொரித்துத் தருகிறான்! இதைப் படம் பெரிய விஷயமாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. காசு இல்லை, யாராவது ஒருவர் செய்துதான் ஆக வேண்டும், அவனுக்குத் தெரியும், அதனால் அவன் செய்கிறான்.

அந்த நேரத்தில் அப்பா அனுப்பிய துப்பறிவாளர்கள் கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு பேரும் ஒரு நொடிகூட யோசிக்காமல் புருஷன் பெண்டாட்டி சண்டையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அவன் கத்த, அவள் அழ, வந்தவர்கள் வெலவெலத்துப் போய், மன்னிச்சிடும்மா என்று ஓடிவிடுகிறார்கள். கதவு சாத்தியதும் இருவரும் சிரிக்கிறார்கள். நீங்கள் கேட்டீர்களே, சண்டையும் காதலும் எல்லாப் படத்திலும் இருக்கிறதே என்று. வித்தியாசம் இங்கேதான். நம்ம படங்களில், ஹாலிவுட்டிலும்தான், சண்டை என்பது காதலுக்கு முந்தைய ஸ்டேஷன். சண்டை முடிந்தால் காதல். இங்கே சண்டையே சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் பிடித்துக்கொள்கிறார். ஒன்றாக நடிக்கத் தெரிந்த இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் பொருத்தம் என்று அவர்களுக்கே அப்போதுதான் உறைக்கிறது. அந்தச் சிரிப்பை நன்றாகப் பாருங்கள், படத்தில் இருவரும் முதல்முதலாகச் சேர்ந்து சிரிப்பது அங்கேதான்.

பணக்காரத் திமிரை ஏழை ஹீரோ அடக்குவது என்பது நம்ம ஊரில் தனி ஜாதிப் படம், தெரியும். இதுவும் அந்த ஜாதிதானே என்று தோன்றலாம். பாதிதான். பீட்டர் எதற்கெடுத்தாலும் நிபுணன். டோனட் முக்குவது, ஆம்பளை சட்டை கழற்றுவதில் இருக்கும் வகைகள், உப்பு மூட்டை தூக்குவது, எல்லாவற்றுக்கும் ஒரு சித்தாந்தம் வைத்திருக்கிறான். ரோட்டில் கட்டைவிரலைக் காட்டிக் கார் நிறுத்துவதற்கும் மூன்று விதம் சொல்லிக் காட்டுகிறான். ஒரு கார்கூட நிற்கவில்லை. சாரி சாரியாகப் போகிறது. அவள் வேலி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, இறங்கி வந்து பாவாடையை முழங்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறாள். அடுத்த கார் கிரீச் என்று நிற்கிறது. இந்தக் காட்சியை மட்டும் தெரிந்தவர்கள் கவர்ச்சிக்காக வைத்தது என்று நினைப்பார்கள். வரிசையோடு பார்த்தால், அதுவரை பாடம் நடத்திய வாத்தியார் முதல்முறையாக ஃபெயில் ஆகிறார், அதுதான் ஜோக். அதற்கப்புறம் அந்தக் கார் பயணத்தில் அவன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வருகிறான் பாருங்கள், கேபிளின் நடிப்பிலேயே அதுதான் உச்சம் என்பேன்.

இனி நான் சொல்ல வந்த கணக்கு. கடைசி ராத்திரி, நியூயார்க் பக்கத்தில் வந்துவிட்டார்கள். எல்லி போர்வையைத் தாண்டி வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிடுகிறாள். அவன் திருப்பி அனுப்பிவிடுகிறான். பிறகு அவள் தூங்கியதும் எழுந்து காரை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு நியூயார்க் போய், பழைய எடிட்டரிடம் கதையை விற்று 1,000 டாலர் வாங்குகிறான். எதற்கு? பெண் கேட்கக் கையில் காசு வேண்டும். ஒரு மனுஷன் வெறுங்கையோடு போய்க் கல்யாணம் பேச முடியாது என்பது அவன் நியாயம். இது அமெரிக்க நியாயமா? குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் ஆற்காட்டிலும் இதே காரணத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போன ஆம்பளைகள் எத்தனை பேர்! அவன் திரும்பி வருவதற்குள் குடில்காரர்கள் அவளை எழுப்பி வெளியே துரத்திவிடுகிறார்கள், விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று அவள் அப்பாவுக்கு போன் போடுகிறாள். எதிரெதிரே கார்கள் கடக்கின்றன. அவன் 1,000 டாலரை எடிட்டரிடமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

அப்புறம் வருகிறது அந்த பில். பணம் விஷயமாக உங்களைப் பார்க்க வேண்டும் என்று பீட்டர் எல்லியின் அப்பாவுக்கு எழுதுகிறான். எல்லியும் அப்பாவும் என்ன நினைப்பார்கள்? 10,000 டாலர் பரிசைக் கேட்க வருகிறான், இவனும் அவ்வளவுதான் என்று. அவன் வருகிறான், ஒரு தாளை எடுத்து நீட்டுகிறான். மொத்தம் 39 டாலர் 60 சென்ட். கைச்செலவு, மேல்கோட்டு, பெட்டி, தொப்பி, சட்டை மூன்று. எல்லாம் வழியில் பெட்ரோலுக்காக விற்றது. பரிசுப் பணம் வேண்டாமா என்றால் வேண்டாம். இது மட்டும் எனக்கு வர வேண்டியது, இதைக் கொடுங்கள். கோபத்தில் இருக்கிறான், அவமானத்தில் இருக்கிறான், ஆனாலும் ஒரு சென்ட் கூட்டிப் போடவில்லை. என் மாமா, கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே, "வே பில் கரெக்டா போட்டிருக்கான்" என்றார். கண்டக்டர் டிரிப் முடிந்து பையில் இருக்கிற காசும் வே பில்லும் ஒத்துப்போகிறதா என்று கொடுக்கிற கணக்கு அது, ஐந்து ரூபாய் குறைந்தாலும் கைக்காசு போட வேண்டும், ஐந்து ரூபாய் அதிகம் இருந்தால் அதைவிடப் பெரிய தலைவலி. இந்த ஒரு வரிக்கு மேல் இந்தப் படத்துக்கு விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது. ஏனென்றால் எல்லியின் அப்பாவும் அதே மாதிரிதான் படிக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பணத்தைப் பார்த்த மனுஷன், ஒரு பில்லைப் பார்த்து ஆளை எடை போட்டுவிடுகிறார். உடனே கேட்கிற கேள்வி, என் மகளை நீ காதலிக்கிறாயா. சுற்றி வளைத்து, திட்டி, கத்தி, கடைசியில் ஆமாம் என்று ஒப்புக்கொள்கிறான். வெஸ்ட்லியோடு மறுபடி நடக்கவிருந்த கல்யாணத்தில் மகளைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போகும்போது அப்பா காதோடு காதாகச் சொல்வதும் இந்த பில் விஷயத்தைத்தான்: அவன் பரிசு கேட்கவில்லை, 39 டாலர் 60 சென்ட்தான் கேட்டான். அவள் வெள்ளை உடையோடு ஓடுகிறாள்.

பத்து வருஷக் காதலைக் கவிதையில் சொன்னாலும் நம்பாத அப்பன்மார்கள் உண்டு. இப்படி ஒரு பில்லை நீட்டினால் நம்புவார்கள்.

நம்ம ஊர் 'காதலிக்க நேரமில்லை'யை (1964) இதோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. அதிலும் அப்பா பணக்காரர், பையனுக்கு வேலை போய்விட்டது, வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு வம்பு வளர்க்கிறான். ஸ்ரீதர் எடுத்த அந்தப் படம் எனக்கு உயிர், பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியைப் பார்த்து இன்னமும் எனக்கு வயிறு வலிக்கும். ஆனால் அங்கே ரவிச்சந்திரன் கோடீஸ்வரன் மகன் என்று பொய் சொல்லி, முத்துராமனை வயசான அப்பாவாக வேஷம் கட்டிக் கூட்டி வருகிறார். சிரிப்பு முழுக்க அந்தப் பொய்ப் பணத்தில் இருக்கிறது. காப்ரா படத்தில் சிரிப்பு முழுக்க இல்லாத பணத்தில் இருக்கிறது. இரண்டுமே நல்ல விதைதான், விளைச்சல் வேறு.

படத்தின் பின்கதை கேட்டால் இன்னும் வேடிக்கை. இதை எடுத்த கொலம்பியா அப்போது பெரிய ஸ்டுடியோவே இல்லை. சில நடிகைகள் கதையைக் கேட்டு மாட்டேன் என்றுவிட்டார்கள். கோல்பேர் 50,000 டாலர் சம்பளம், நாலு வாரத்தில் முடிக்க வேண்டும் என்ற பேச்சில் ஒப்புக்கொண்டார், முடித்துவிட்டு, உலகத்திலேயே மோசமான படத்தை முடித்திருக்கிறேன் என்று நண்பர்களிடம் சொன்னதாகச் சொல்வார்கள். எம்.ஜி.எம். கம்பெனி கேபிளை இரவல் கொடுத்தது. படம் வந்தது, 1935-ல் நடந்த ஆஸ்கர் விழாவில் படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய விருதுகளையும் அள்ளியது. அப்படி ஐந்தையும் வாங்க இன்னொரு படத்துக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. பரிசு நமக்கா வரப்போகிறது என்று ரயிலேறக் கிளம்பிய கோல்பேரை ஸ்டேஷனிலிருந்து பிரயாண உடையோடேயே கூட்டி வந்தார்கள்.

குறை இல்லையா, இருக்கிறது. தொடக்கத்தில் அப்பா மகளைக் கன்னத்தில் அறைகிறார். பின்னால் பீட்டர் அதே அப்பாவிடம், இவளுக்குத் தினம் ஒரு அறை கொடுக்கிற ஆள்தான் தேவை என்கிற மாதிரி பேசுகிறான். அன்றைக்குச் சிரித்திருப்பார்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் அங்கே சிரிப்பு நின்றுவிடும், கூடவே உட்கார்ந்து பார்க்கிற பெண்களின் முகத்தைப் பார்த்தால் இன்னும் சங்கடம். இன்னொன்று, தூங்குகிறவள் தலைமாட்டில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் கடைசி இருபது நிமிஷமே கிடையாது. பத்திரிகைக்காரன், எழுதுவதே பிழைப்பு, அவனுக்கு ஒரு வரி எழுத வரவில்லையா? இதற்கு ரசிகர்கள் ஆயிரம் சமாதானம் சொல்வார்கள், எனக்கு எதுவும் ஒட்டவில்லை. வெஸ்ட்லியும் வெறும் அட்டைப் பொம்மை. கல்யாணத்துக்கு ஆட்டோஜைரோ என்ற பறக்கும் வண்டியில் வந்து இறங்குகிறான், அவ்வளவுதான் அவன் குணச்சித்திரம்.

அதைச் சரிக்கட்டிவிடுவது முடிவு. கடைசிக் காட்சியில் ஹீரோ ஹீரோயின் முகமே கிடையாது. ஒரு குடில், வெளியே அதை நடத்துகிற வயசான தம்பதி. கல்யாணமானவர்கள்தான், சர்ட்டிஃபிகேட் காட்டினார்கள், ஆனால் கயிறும் போர்வையும் பொம்மை எக்காளமும் எதற்குக் கேட்டார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. உள்ளே எக்காளம் ஊதும் சத்தம், போர்வை கீழே விழுகிறது, விளக்கு அணைகிறது, முடிந்தது. நாயகன் நாயகியைக் காட்டாமலேயே முதலிரவை எடுத்துவிட்டார்கள், எந்தத் தணிக்கைக்காரரும் ஒரு அடி வெட்ட முடியாது.

இந்தக் கதையை நம்மவர்கள் விடவில்லை. ஏவி.எம். எடுத்த 'சோரி சோரி' (1956), ராஜ் கபூர், நர்கீஸ், சங்கர் - ஜெய்கிஷன் பாட்டு. பாட்டுக்காகவே பார்க்கலாம், ஆனால் பாட்டு வந்ததும் பசி போய்விடுகிறது. 1991-ல் 'தில் ஹை கே மான்தா நஹீ', ஆமிர் கானும் பூஜா பட்டும். அதிலிருந்து தமிழில் 2000-த்தில் 'காதல் ரோஜாவே', இளையராஜா இசை. காலம் தள்ளிப் போகப் போக எல்லாருக்கும் உடை நன்றாகிக்கொண்டே போகிறது, கையில் காசு எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தம்பி, நீங்கள் மறுபடி பார்ப்பதாக இருந்தால் போனில் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பில் போட்டு அப்பா, அம்மா, பாட்டி எல்லாரையும் உட்கார வையுங்கள், சப்டைட்டிலை நீங்களே கதையாகச் சொல்லுங்கள், முதல் பத்து நிமிஷம் படகுக் காட்சி கொஞ்சம் இழுக்கும், பஸ் வந்ததும் ஓடிவிடும். இது பிடித்திருந்தால் அடுத்து 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) பாருங்கள். அதிலும் பத்திரிகை ஆபீஸ், அதிலும் வாய்ச்சண்டை. ஆனால் அதை வீட்டாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல முயற்சி பண்ண வேண்டாம், அவர்கள் பேசுகிற வேகத்துக்கு நீங்கள் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் அங்கே ஆறு வரி போயிருக்கும்.